முக்கோணக் கட்டடமும் ஒரு கரகரக் குரலும்

நாம் எட்டிப் பார்க்கப்போகும் கட்டடத்துக்கு மூன்றே மூலைகள். அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில், சியாட்டில் நகரின் பாலர்ட் பகுதியில், லியரி வே சாலையோரம் நிற்கும் முக்கோணக் கட்டடம் அது. வாஸ்து பார்க்கிறவர் யாராவது வந்தால் வாசலிலேயே மயங்கி விழுவார். ஆனால் 1986லிருந்து 1991 வரை உள்ளே போய்வந்த ராக் குழுக்களின் பட்டியலைப் பார்த்தால் மயக்கம் நமக்கு வரும். சவுண்ட்கார்டன், மட்ஹனி, கிரீன் ரிவர், டாட்... அப்புறம், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், நிர்வாணா!

ஸ்டூடியோவின் பெயர் ரெசிப்ரொக்கல் ரெக்கார்டிங். பெயரில்தான் பந்தா, கட்டணத்தில் இல்லை. நிர்வாணாவின் முதல் ஆல்பமான ‘ப்ளீச்’ இங்கே எட்டு டிராக் டேப்பில் பதிவானது. மொத்தச் செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தப் பணத்தைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மன். நன்றிக்கடனாக அவர் பெயரை கிட்டாரிஸ்ட் என்று அட்டையில் போட்டார்கள், படத்தையும் போட்டார்கள். ஆல்பத்தில் அவர் ஒரு நரம்பைக்கூடத் தட்டவில்லை! இப்படிப்பட்ட வேடிக்கைகள் நடந்த இடம் இது.

ஆனால் நாம் வந்திருப்பது நிர்வாணாவுக்காக இல்லை. (சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.) வந்த காரணம் வேறொரு ஆல்பம். 1990 மே மாதம் சப் பாப் நிறுவனம் வெளியிட்ட ‘தி வைண்டிங் ஷீட்’. பிணத்தைச் சுற்றும் கோடித்துணியைத் தலைப்பாக வைத்த ஆல்பம். பாடியவர் மார்க் லனேகன், ஸ்க்ரீமிங் ட்ரீஸ் என்ற ராக் குழுவின் பாடகர். ஊரே ஆம்ப்ளிஃபயரைக் கடைசிவரை திருகிவைத்துக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் இந்த ஆள் மட்டும் குரலைத் தாழ்த்தினார். ப்ளூஸ் வாடையும் அகூஸ்டிக் கிட்டாரும் சாவைப் பற்றிய யோசனையுமாக ஒரு தட்டு போட்டார்.

இத்தனை இருட்டான ஆல்பம் எத்தனை அசட்டுத்தனமான, கூச்சம் நிறைந்த, சிரிப்பு வரவைக்கும் வழியில் பிறந்தது என்பதுதான் திரைக்குப் பின்னால் இருக்கும் தமாஷ். வாங்க, உள்ளே போவோம்.

அடுத்தவர் எழுதியதைப் பாடிய தொண்டை

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். லனேகன் 1964 நவம்பர் 25 அன்று எல்லென்ஸ்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். சியாட்டிலிலிருந்து கிழக்கே காஸ்கேட் மலைத்தொடரைத் தாண்டினால் வரும் ஊர். மழைக்குப் பேர்போன சியாட்டிலுக்கு நேர்மாறாக வறண்ட பூமி. வைக்கோலுக்கும், குதிரையை அடக்கும் ரோடியோ விழாவுக்கும் பெயர் பெற்றது. ராக் நட்சத்திரம் முளைக்கும் நிலமா என்று கேட்டால், அந்த ஊர்க்காரர்களே சிரித்திருப்பார்கள்.

அங்கேதான் 1980களின் நடுவில் ஸ்க்ரீமிங் ட்ரீஸ் உருவானது. கானர் சகோதரர்கள் இருவர்: கிட்டாரில் கேரி லீ, பாஸில் வான். டிரம்ஸில் மார்க் பிக்கரல். பாடுவதற்கு லனேகன். அறுபதுகளின் சைக்கடெலிக் ராக்கையும் பங்க்கையும் குழைத்து அடித்தார்கள். எஸ்எஸ்டி நிறுவனத்துக்காக வரிசையாக ஆல்பங்களும் போட்டார்கள்.

பாட்டில் பெரும்பகுதியை எழுதியவர் கேரி லீ. மேடையின் நடுவில் நின்று தொண்டை கிழியப் பாடியவர் லனேகன். ஆக, குரல் இவருடையது, வார்த்தை அவருடையது. இது லனேகனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. 2020இல் வெளியான ‘சிங் பேக்வர்ட்ஸ் அண்ட் வீப்’ என்ற தன்வரலாற்றில் அந்த ஆரம்பகால ஆல்பங்களை அவரே தயவுதாட்சண்யம் இல்லாமல் விளாசியிருக்கிறார். சொந்த ஆல்பத்தை இப்படித் திட்டும் பாடகரை நான் வேறெங்கும் படித்ததில்லை.

தனக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்ற பசி அந்த ஆளுக்குள் இருந்தது. ஆனால் அவர் எழுதிவைத்த பாட்டு எதுவும் கையில் இல்லை, கிட்டாரிலும் பெரிய கெட்டிக்காரர் இல்லை. இந்த இடத்தில்தான் ஒரு சினேகிதன் வருகிறான்.

எழுதினார்கள், மறந்தார்கள்

சினேகிதனின் பெயர் கர்ட் கோபேன், நிர்வாணாவின் பாடகர். அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள்! இது 1989. ‘ப்ளீச்’ அந்த ஜூன் மாதம்தான் வெளிவந்திருந்தது. உலகம் அவரை அறிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அப்போது அவர் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த நூறு கிட்டார்காரர்களில் ஒருவர். லனேகனை அண்ணாந்து பார்த்த தம்பி என்றும் சொல்லலாம்.

இருவரும் சேர்ந்து பாட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தார்கள். எழுதவும் செய்தார்களாம். என்ன ஆனது தெரியுமா? டேப்பில் பதிந்துவைக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லையாம். எழுதியதெல்லாம் மறந்தே போச்சாம்! பிற்பாடு கோடிக்கணக்கில் விற்ற ஒருவரும், முப்பது வருடம் விமர்சகர்களின் செல்லப்பிள்ளையாக இருந்த ஒருவரும் சேர்ந்து எழுதிய பாடல்கள் காற்றோடு போய்விட்டன. ஒரு சாதாரண கேசட் ரெக்கார்டரை மேசைமேல் வைத்திருந்தால் போதும். நினைத்தாலே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சரி, சொந்தப் பாட்டு வேண்டாம், வேறு யார் பாட்டையாவது பாடுவோம் என்று முடிவானது. யார் பாட்டு? இருவருக்கும் பொதுவான ஒரு பைத்தியம் இருந்தது. அதன் பெயர் லெட் பெல்லி.

இரண்டு பேர் நான்கு பேரானார்கள். நிர்வாணாவின் பாஸ் கலைஞர் கிரிஸ்ட் நோவொசெலிக்கும், ஸ்க்ரீமிங் ட்ரீஸின் பிக்கரலும் சேர்ந்துகொண்டார்கள். குழுவுக்குப் பெயர் வேண்டுமே? ‘லித்தியம்’ என்று ஒரு யோசனை. ஆமாம், பிறகு நிர்வாணாவின் புகழ்பெற்ற பாட்டுக்குத் தலைப்பான அதே சொல்! கடைசியில் நின்ற பெயர் ‘தி ஜூரி’. 1989 ஆகஸ்ட் 20, 28 ஆகிய இரண்டு நாட்கள் நம் முக்கோணக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள்.

உள்ளே என்ன நடந்தது என்பதைப் பிக்கரல் பிற்பாடு சொல்லியிருக்கிறார். கேட்டால் சிரிப்புத் தாங்காது. லனேகனுக்கும் கோபேனுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு மரியாதை. அதனால் யாருமே முடிவெடுக்கத் துணியவில்லை. கல்யாணப் பந்தியில் இலை போட்டபிறகும் ‘நீங்க உட்காருங்க’, ‘இல்லைல்ல, முதல்ல நீங்க’ என்று இரண்டு சம்பந்திகள் நின்றுகொண்டே இருப்பார்களே, அதே கதை. சாப்பாடு ஆறிப்போனதுதான் மிச்சம். நான்கு பாட்டு பதிவானதோடு ‘தி ஜூரி’ கலைந்தது.

நான்கில் மூன்று பல வருடம் பெட்டிக்குள் தூங்கி, 2004இல் வந்த நிர்வாணாவின் ‘வித் தி லைட்ஸ் அவுட்’ தொகுப்பில்தான் வெளிச்சத்தைப் பார்த்தன. நான்காவது பாட்டு? அது நம் கதையின் முதுகெலும்பு. ‘வேர் டிட் யூ ஸ்லீப் லாஸ்ட் நைட்’. லனேகன் பாடியது.

சிறையிலிருந்து வந்த பன்னிரண்டு நரம்பு

இந்த இடத்தில் கட்டடத்தை விட்டு வெளியே வந்து லெட் பெல்லிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போவோம். ப்ளூஸ் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இந்த ஆல்பத்தின் நிறம் பிடிபடாது.

இயற்பெயர் ஹடி லெட்பெட்டர். 1888 வாக்கில் லூசியானா மாநிலத்தில் பிறந்த கறுப்பினக் கலைஞர். கையில் பன்னிரண்டு நரம்பு கிட்டார். தோட்ட வேலை, தெருப்பாட்டு, அடிதடி, சிறை என்று போன வாழ்க்கை. டெக்சஸ் சிறையில் இருந்தபோது ஆளுநர் பாட் நெஃபுக்கு முன்னால் விடுதலை கேட்டே பாட்டுக் கட்டிப் பாடினார். 1925இல் மன்னிப்பு கிடைத்தது. பாடி வெளியே வந்த மனுஷன்! பிறகு மறுபடியும் சிறை, இம்முறை லூசியானாவின் அங்கோலா. 1933இல் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் கனமான பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு, நாட்டுப்பாடல் தேடிச் சிறை சிறையாகப் போனார்கள். அப்போது அங்கோலாவில் அகப்பட்ட புதையல் இவர். 1949 டிசம்பரில் இறந்தார். அடுத்த வருடமே அவருடைய ‘குட்நைட் ஐரீன்’ பாட்டு தி வீவர்ஸ் குழுவின் குரலில் அமெரிக்கா முழுக்க ஒலித்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

‘வேர் டிட் யூ ஸ்லீப்’ அவர் எழுதிய பாட்டு அல்ல. ‘இன் தி பைன்ஸ்’ என்ற பெயரிலும் உலவும் நாட்டுப்பாடல் அது. அப்பலாச்சிய மலைப்பகுதியில் 1870களிலிருந்தே புழங்கியதாகச் சொல்கிறார்கள். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வரி மாறும். ஒரு பெண்ணிடம் ‘ராத்திரி எங்கே இருந்தாய்’ என்று கேட்கிறான் ஒருவன். பதிலில் பைன் மரக்காடும், வெயில் படாத குளிரும், நடுவே ஒரு கோரச் சாவும் வருகின்றன. யார் யாரைக் கொன்றார்கள் என்பது கடைசிவரை தெளிவாவதில்லை. தாளம் மூன்று எண்ணிக்கையில் ஊஞ்சலாடும். நம் காது அதைத் திஸ்ரம் என்று உடனே பிடித்துக்கொள்ளும். தாலாட்டுக்குப் பொருந்தும் நடையில் கொலைக் கதை. ரத்தம் உறைய இது போதாதா?

லெட் பெல்லி 1940களில் இதைப் பதிவு செய்தார். அந்தத் தட்டு நாற்பது சொச்சம் வருடம் கழித்து, கூச்ச சுபாவம் கொண்ட இரண்டு ராக் பையன்களின் தலையில் புகுந்துகொண்டது.

பின்னட்டை என்னும் சாவித் துவாரம்

‘தி ஜூரி’ கலைந்ததில் ஒரு நன்மை. பாதியில் நின்ற அந்த ப்ளூஸ் ஆசை லனேகனை விடவில்லை. சப் பாப் நிறுவனத்தின் புரூஸ் பாவிட், ஜொனதன் போன்மன் இருவரும் அப்போது சியாட்டில் சத்தத்தை உலகத்துக்கு விற்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். ‘லூசர்’ என்று பெரிதாக அச்சடித்த டிஷர்ட்டை விற்றுக் காசு பார்த்த கில்லாடிகள். அவர்கள் லேபிளில் லனேகனின் தனி ஆல்பம் என்று முடிவாகி, 1989 கடைசியிலும் 1990 தொடக்கத்திலும் வேலை நடந்தது. இடம்? அதே மூன்று மூலைகள்.

இப்போது ஆல்பத்தின் பின்னட்டையைத் திருப்புங்கள். பெயர்ப் பட்டியல் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது தீபாவளி.

ஜாக் எண்டினோ. பதிவுப் பொறியாளர். ‘ப்ளீச்’சைப் பதிவு செய்த அதே கைகள். சியாட்டிலில் அன்று யார் ஆல்பம் போட்டாலும் குமிழ்களைத் திருகிக்கொண்டு இவர்தான் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றும். இவரே ஸ்கின் யார்ட் குழுவின் கிட்டாரிஸ்டும்கூட. லனேகன் ஆல்பத்துக்குப் பதிவும் செய்து, பாஸும் வாசித்திருக்கிறார். தனியாக பாஸ் ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கும் வசதியெல்லாம் இந்த வட்டாரத்தில் எவருக்கும் இருந்ததில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மைக் ஜான்சன். கிட்டார். ஆல்பத்தின் ரகசிய நாயகன் என்றே சொல்வேன். லனேகனிடம் இருந்தவை சில கார்டுகளும் மெட்டும் வரிகளும். அவற்றுக்கு எலும்பும் சதையும் வைத்தது பெரும்பாலும் ஜான்சனின் கிட்டார். பின்னாளில் டைனோசர் ஜூனியர் குழுவில் பாஸ் வாசித்தார். லனேகனின் தனி ஆல்பங்களில் பல வருடம் கூடவே வந்தார்.

ஸ்டீவ் ஃபிஸ்க். பியானோ, ஆர்கன். எல்லென்ஸ்பர்க் நாட்களிலிருந்தே ஸ்க்ரீமிங் ட்ரீஸைப் பதிவு செய்துவந்த ஊர்க்காரர்.

மார்க் பிக்கரல். டிரம்ஸ். பழைய குழுத் தோழர்.

அடுத்த இரண்டு பெயர்களுக்கு விரலை வைத்துக்கொள்ளுங்கள். கர்ட் கோபேன், கிரிஸ்ட் நோவொசெலிக்! ஆகஸ்டில் பதிவான ‘வேர் டிட் யூ ஸ்லீப்’ அப்படியே இந்த ஆல்பத்துக்குள் வந்து அமர்ந்தது. கிட்டார் கோபேன், பாஸ் நோவொசெலிக், டிரம்ஸ் பிக்கரல், குரல் லனேகன். போதாக்குறைக்கு ‘டவுன் இன் தி டார்க்’ என்ற பாட்டில் கோபேன் பின்குரலும் கொடுத்திருக்கிறார். ஆல்பத்தில் மின்சாரம் ஏறும் பாட்டு அது. லனேகனின் அடிக்குரலுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழிசல் குரல் எழும்பி வரும். ‘டேய், இது அவன்டா!’ என்று ஹெட்ஃபோனைப் பிடித்துக்கொண்டு துள்ளுகிற தருணம். 1990இல் இதைக் கேட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தத் துள்ளல் கிடைத்திருக்காது. பின்குரல் கொடுத்த பையன் யாரென்றே தெரியாதே!

இருட்டு எப்படிச் செய்கிறார்கள்?

சரி, சமையல் குறிப்புக்கு வருவோம். ஒரு ஆல்பம் எதனால் இருட்டாகக் கேட்கிறது? பாட்டில் சாவு வந்தால் போதுமா? போதாது. சாவைப் பற்றிப் பாடிக்கொண்டே ஆட்டம் போடவைக்கும் பாட்டுகள் உலகத்தில் ஆயிரம்.

முதல் காரணம், வெற்றிடம். ‘மோக்கிங்பேர்ட்ஸ்’ பாட்டில் ஆல்பம் தொடங்கும்போதே தெரிந்துவிடும், இங்கே யாருக்கும் அவசரம் இல்லை என்று. அகூஸ்டிக் கிட்டார் தன் பாட்டுக்கு நடக்கிறது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் காற்று நுழைய இடம் இருக்கிறது. ராக் தட்டுகளில் அந்த இடத்தை இன்னொரு கிட்டாரோ சிம்பலோ வந்து அடைத்துவிடும். இங்கே அடைக்கவில்லை. கேட்பவர் அந்த இடைவெளியில் தன் பயத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார்.

இரண்டாவது, அந்தக் குரல். லனேகன் அப்போதுதான் 25 வயதைத் தொட்டிருந்தார். பிறந்த தேதியை மறைத்துவிட்டு இதைப் போட்டுக் காட்டினால், அறுபது வயது, மூன்று விவாகரத்து, ஒரு கப்பல் விபத்து என்று யாரும் சத்தியம் செய்வார்கள். மந்திர ஸ்தாயியில் இறங்கி அங்கேயே குடியிருக்கும் குரல். ட்ரீஸ் ஆல்பங்களில் இதே ஆள் மேலே ஏறிக் கத்த வேண்டியிருந்தது, கிட்டார்களின் மேல் கேட்க வேண்டுமே. சத்தத்தைக் குறைத்ததும், இவ்வளவு நாள் அடியில் கிடந்த கரகரப்பு, மூச்சு, சொல் முடியும் இடத்தில் வரும் நடுக்கம் எல்லாம் மைக்கில் வந்து விழுந்தன. தனக்குள் இப்படி ஒரு குரல் இருப்பதை இந்த ஆல்பத்தில்தான் அவரே கண்டுபிடித்தாரோ என்று தோன்றும்.

மூன்றாவது, கஞ்சம். நல்ல அர்த்தத்தில் சொல்கிறேன். இது கம்ப்யூட்டர் காலம் அல்ல. டேப் காலம். ஒரு டிராக்கின்மேல் மறுபடி பாடினால் பழையது அழிந்துபோகும், திரும்பப் பெறும் பொத்தான் கிடையாது. டிராக்குகளின் எண்ணிக்கைக்கு வரம்பு, கையில் இருக்கும் காசுக்கு வரம்பு, ஸ்டூடியோ மணிக்கணக்குக்கு வரம்பு. அறுபது வயலின் வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டிருந்தாலும் நிற்க இடம் இல்லை. ஆக, ‘அக்லி சண்டே’யோ ‘வைல்ட் ஃப்ளவர்ஸ்’ஸோ, பாட்டு தன் சொந்தக் காலில் நின்றாக வேண்டும். நின்றது.

இதில்தான் எனக்கு ஒரு கிளுகிளுப்பு. இந்த ஆல்பத்தின் இருட்டை எந்த மேதையும் வரைபடம் போட்டுக் கட்டவில்லை. மறதியும் கூச்சமும் காசில்லாமையும் கலைந்துபோன குழுவும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுச்சென்ற காலியிடங்கள்தான் அந்த இருட்டு. லனேகன் செய்த புத்திசாலித்தனம் ஒன்றே ஒன்று: அந்த இடங்களில் விளக்கு ஏற்றாமல் விட்டார்.

நியூயார்க்கில் முளைத்த விதை

ஆல்பம் வந்தது. கடைகளில் பூகம்பம் எதுவும் வரவில்லை. விமர்சகர்கள் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், சக இசைக்கலைஞர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். லனேகன் ட்ரீஸோடு எபிக் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார். 1992இல் ‘நியர்லி லாஸ்ட் யூ’ பாட்டு ‘சிங்கிள்ஸ்’ படத்தின் இசைத்தட்டில் வந்து குழுவுக்குப் பெரிய வெளிச்சம் கொடுத்தது.

அப்புறம் 1993 நவம்பர் 18. இடம் நியூயார்க், சோனி மியூசிக் ஸ்டூடியோஸ். எம்டிவி அன்பிளக்ட் நிகழ்ச்சிக்காக நிர்வாணா மேடையேறுகிறது. லில்லிப் பூக்கள், கறுப்பு மெழுகுவத்திகள். சவ அடக்கம்போல வேண்டுமா என்று தயாரிப்பாளர் கேட்க, அதேதான் என்றாராம் கோபேன். எல்லாரும் ஹிட் பாட்டுகளை எதிர்பார்த்தால், 14 பாட்டில் ஆறு அடுத்தவர்களுடையவை. கடைசிப் பாட்டுக்கு முன் தனக்கு மிகவும் பிடித்த கலைஞர் என்று லெட் பெல்லியின் பெயரைச் சொல்கிறார். அவருடைய கிட்டார் ஐந்து லட்சம் டாலருக்கு விலைக்கு வந்த கதையையும், அதை வாங்கித் தரச்சொல்லித் தன் நிறுவன முதலாளி டேவிட் கெஃபனையே கேட்டுப் பார்த்ததையும் சொல்லிச் சிரிக்கவைக்கிறார். பிறகு பாடுகிறார்.

எந்தப் பாட்டு என்று சொல்லவும் வேண்டுமா?

நான்கு வருடம் முன்னால் முக்கோணக் கட்டடத்தில் லனேகனுக்காக கிட்டார் வாசித்த அதே பாட்டு. லனேகன் அதை அடித்தளத்திலேயே வைத்துப் பாடி முடித்திருந்தார். கோபேன் கடைசிச் சரணத்தில் மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறார். தொண்டை கிழிகிறது, கண்ணைத் திறந்து ஒரு கணம் மூச்சு வாங்குகிறார், முடிக்கிறார். இன்னொரு பாட்டு பாடச் சொல்லிக் கேட்டார்கள். இதைத் தாண்ட என்னால் முடியாது என்று இறங்கிப் போய்விட்டார்.

அந்த இரவுக்கு வழிகாட்டி எது என்பதை நிர்வாணாவின் டிரம்மர் டேவ் க்ரோல் பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார். ‘தி வைண்டிங் ஷீட்’ தனக்கு எக்காலத்துக்கும் தலைசிறந்த ஆல்பங்களில் ஒன்று என்றும், அன்பிளக்ட் நிகழ்ச்சியில் அதன் தாக்கம் பெரிது என்றும். கடையில் கவனிக்கப்படாத ஆல்பம், கோடிக்கணக்கானோர் கேட்ட ஆல்பத்துக்குள் ஒளிந்துகொண்டது!

ஓடையில் போயிருக்க வேண்டிய டேப்

இன்னொரு கிசுகிசுவைச் சொல்லாமல் கதவைச் சாத்த மனம் வரவில்லை.

முதல் ஆல்பம் சட்டுபுட்டென்று முடிந்ததா, அடுத்த தனி ஆல்பம் அதற்குப் பழி வாங்கியது. ‘விஸ்கி ஃபார் தி ஹோலி கோஸ்ட்’. பல ஸ்டூடியோ, பல பதிவாளர்கள், வருடக்கணக்கில் இழுவை. டைனோசர் ஜூனியரின் ஜே மாஸ்கிஸ் உட்படப் பலர் வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். லனேகனுக்கோ எதிலும் திருப்தி இல்லை. ஒரு கட்டத்தில் பொறுமை இழந்து, மாஸ்டர் டேப் சுருள்களை ஸ்டூடியோவுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த ஓடையில் வீசப் போய்விட்டார். மாஸ்டர் டேப் என்றால் மூலப் பிரதி, போனால் போனதுதான். குறுக்கே பாய்ந்து தடுத்தவர் நம் ஜாக் எண்டினோ!

அந்த மனுஷன் அன்று டீ குடிக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1994 ஜனவரியில் அந்த ஆல்பம் வெளிவந்தது. லனேகனின் உச்சம் இதுதான் என்று வாதாட இன்றைக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் கோபேன் இறந்தார். தன்வரலாற்றில் அந்த இழப்பைப் பற்றி லனேகன் எழுதிய பக்கங்களைப் படித்தால், கூச்சத்தால் முடிக்காமல் விட்ட அந்த ஆகஸ்ட் பதிவு மேலும் கனக்கும்.

இந்தக் குரல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்

லனேகன் யார் என்றே தெரியாது என்கிறீர்களா? ஆண்டனி போர்டெய்ன் ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்ட ‘பார்ட்ஸ் அன்னோன்’ நிகழ்ச்சி பார்த்திருக்கிறீர்களா? தொடக்கத்தில் ஒரு முறுக்கேறிய பாட்டு வருமே! பாடியவர்கள் ஜோஷ் ஹோமியும் நம்மாளும்தான். ஹோமியின் குயின்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜ் குழுவின் ‘சாங்ஸ் ஃபார் தி டெஃப்’ ஆல்பத்தில் இடிபோல நுழையும் குரலும் இவருடையதே. 2004இல் வந்த ‘பபிள்கம்’ என்ற தனி ஆல்பத்தில் பி.ஜே. ஹார்வி கூடப் பாடினார். ஸ்காட்லாந்துக்காரர் இசபெல் கேம்பலோடு பாடிய ‘பாலட் ஆஃப் தி புரோக்கன் சீஸ்’ 2006இல் மெர்குரி பரிசுப் பட்டியலுக்குப் போனது. 2022 பிப்ரவரி 22 அன்று, அயர்லாந்தின் கில்லார்னியில், 57 வயதில் காலமானார். 25 வயதில் அவருக்கு வாய்த்த கிழக்குரலின் வயதை உடம்பு எட்டவே இல்லை.

சரி, வீட்டுப்பாடம். இன்று ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரே பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதலில் லெட் பெல்லியின் பதிவு: காலால் தாளம் போடவைக்கும், பயம் பின்னால்தான் வரும். இரண்டாவது லனேகனுடையது: அங்கே பயம் முதலிலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். கிட்டாரைக் கவனியுங்கள், வாசிப்பவர் யாரென்று தெரியும் அல்லவா? மூன்றாவது அன்பிளக்ட். வரிசை மாறக் கூடாது, கண்டிப்பு! கேட்டு முடித்த கையோடு ‘டவுன் இன் தி டார்க்’கைப் போட்டு, பின்னாலிருந்து கத்துகிற அந்தப் பையனைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்துவிடும்படி நீங்கள் கத்தினால், அதற்கு நான் பொறுப்பல்ல.